மாரிக்கு முந்திப் பங்கில் என்ன ஆயத்தம் செய்யலாம்? (திருகோணமலை, 140 குடும்பம்)

கடலோரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலைக் கரையோரப் பங்கு ஒன்றுக்காகக் கேட்கிறேன். 140 குடும்பம், 9 அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு). பாதிக்கு மேல் மீன்பிடி, மிச்சம் கூலிவேலை, கொஞ்சப்பேர் அரச உத்தியோகம். கார்த்திகை, மார்கழி வந்தால் வெள்ளமோ புயலோ ஏதாவது ஒன்று. கோயில் மண்டபத்தை நம்பித்தான் சனம் வரும். பங்கு ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்துச் சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வரும்.

எங்கே பிழைக்கிறது என்று தெரியும். முதல் மூன்று நாள் சோற்றுப் பார்சல் மிஞ்சிக் கொட்டுப்படும், எட்டாம் நாள் அரிசி தேடி அலையவேணும். ரோட்டோர வீட்டுக்கு மூன்று தரம் சாமான் போகும், உள்ளொழுங்கை வீட்டுக்கு ஒன்றும் போகாது. தண்ணி வடிஞ்ச பிறகும் கோபம் வடியாது.

ஒரு பக்கத்தில் திட்டம் எழுதித் தரும்படி பாதர் கேட்டிருக்கிறார். மண்டபம் 60 அடிக்கு 30 அடி, தகரக் கூரை. கிணறு ஒன்று, மலசலகூடம் நாலு. காசாகச் சேர்க்கிறதா, அரிசியாகச் சேர்க்கிறதா? எல்லாச் சமயத்து ஆட்களும் இருக்கிற இடத்தில் சாப்பாட்டுக்கு முந்திச் செபம் சொல்லலாமா? "விசுவாசத்தோட இருங்கோ" என்று மட்டும் எழுதாமல் அளவு கணக்கோடு சொல்லுங்கோ.

*

பழைய உபதேசி எழுதியது:

தம்பி, அரிசிக்கு முந்திப் பட்டியல். நீங்கள் சொன்ன உள்ளொழுங்கைப் பிரச்சினை திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்திலேயே இருக்கு. எருசலேமில் தினப்பந்தியில் கிரேக்க மொழி பேசின கைம்பெண்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று முறைப்பாடு. "இன்னும் பொறுமையாயிருங்கள்" என்று திருத்தூதர்கள் மறுமொழி சொல்லவில்லை, பந்திக்கென்று ஏழுபேரைத் தெரிவு செய்வித்தார்கள். அந்தப் பெயர்களை வாசித்துப் பாருங்கோ: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். விடுபட்ட பக்கத்து ஆட்களின் கையிலேயே அகப்பையைக் கொடுத்திருக்கு. உங்கட பங்கிலும் உள்ளொழுங்கையில் இருந்து குறைந்தது இரண்டுபேர் பங்கிடுகிற குழுவில் இருக்கவேணும். பங்குச் சபைச் செயலாளரும் அவரின் மச்சானும் மட்டும் நின்று பங்கிட்டால், எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் ஊர் நம்பாது.

140 குடும்பத்தை 9 அன்பியத்தால் பிரித்தால் ஒன்றுக்கு 15, 16 வீடு. ஒரு அன்பியத்துக்கு ஒரு தாள், ஐந்து வீட்டுக்கு ஒரு ஆள். தாளில் எழுதவேண்டியது: வீட்டில் எத்தனைபேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, கர்ப்பிணி, நடக்க ஏலாதவர், நாளாந்தம் மருந்து எடுப்பவர் (இன்சுலின் என்றால் தனியாகக் குறியுங்கோ, குளிர்சாதனப் பெட்டி ஓடாது), வருமானம் நாட்கூலியா மாதச் சம்பளமா, தோணியோ வாகனமோ இருக்கா. நாட்கூலி நிரல் மிக முக்கியம். கடலுக்குப் போகாத நாலாம் நாளே அந்த வீட்டில் அடுப்புப் புகையாது, ஆனால் வீடு காய்ந்தபடி நிற்பதால் "பாதிக்கப்பட்டோர்" கணக்கில் வராது.

யார் பூசைக்கு வாறவர், யார் வாறதில்லை என்ற நிரல் வேண்டவே வேண்டாம். ஒழுங்கையில் இருக்கிற வீடு எல்லாம் தாளில் இருக்கட்டும்.

மூன்று பிரதி எடுங்கோ. ஒன்று அறைவீட்டில் (பாதர் இருக்கிற வீடு), ஒன்று அன்பியத் தலைவரிடம், ஒன்று கரையில் இருந்து தள்ளி மேட்டில் இருக்கிற ஒருவரிடம். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் கரண்ட் போன இரண்டாம் நாள் பட்டியலே இல்லை. கிராம சேவகரிடமும் சொல்லி வையுங்கோ, அரச நிவாரணமும் நட்டஈடும் அவரின் பதிவால்தான் வரும். கோயில் பட்டியல் அதுக்கு மாற்று இல்லை. மண்டபம் பாதுகாப்பு நிலையமாகப் பதிவாகியிருக்கா என்று பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலோ உங்கட பிரதேச செயலகத்திலோ இப்பவே பாருங்கோ. மழைக்குள் போய்க் கேட்டால் அலைச்சல்தான்.

பங்கிடுகிற நாளில் வீட்டுக்கு ஒரு அட்டை. ஒன்று-இரண்டுபேர், மூன்று-நாலுபேர், ஐந்தும் அதுக்கு மேலும் என்று மூன்று நிறம். வாங்கின ஒவ்வொரு தரமும் மூலையில் ஒரு ஓட்டை. கடைசி ஒழுங்கையில் தொடங்கி ரோட்டுக்கு வாங்கோ. ரோட்டில் தொடங்கினால் உள்ளே போகமுதல் சாமான் முடியும், அவ்வளவுதான் விசயம்.

இன்னொன்று, திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள். ஒவ்வொரு பங்கும் வைத்திருக்கவேணும் என்று திருச்சபைச் சட்டம் 535 சொல்கிறது. வெள்ளத்தில் பிறப்புச் சான்றிதழ் போன குடும்பத்துக்கு அந்த ஏட்டில் உள்ள வரி பிறகு பெரிய துணை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரு பிரதியை ஆயர் இல்லத்தில் கொடுத்துவையுங்கோ. ஏட்டை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்காதையுங்கோ, எல்லாக் கோயிலிலும் அங்கேதான் கிடக்கு.

*

கிடாரம் எழுதியது:

சமையல் பக்கம் நான் சொல்கிறேன்.

பிடியரிசி தொடங்குங்கோ. வீட்டில் உலை வைக்கமுன் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் போத்தலில் போடுகிற பழக்கம், எங்கட அம்மம்மாமாருக்குப் புதிதில்லை. ஒரு பிடி ஏறத்தாழ 45 கிராம். 140 வீட்டில் பாதி வீடு ஒழுங்காகப் போட்டாலே கிழமைக்கு 22 கிலோ. ஞாயிறு காணிக்கை நேரம் பீடத்துக்கு முன் ஒரு வாளி வையுங்கோ, காசு போட முடியாதவரும் வெறுங்கையோடு நிற்கத் தேவையில்லை.

ஆனால் வாளி இரண்டு வேணும். இதைக் கவனிக்காமல் விட்டால் சமைக்கிற அன்றைக்குத் தெரியும். 70 வீட்டு அரிசியில் சம்பா, நாடு, சிவப்புப் பச்சை, குத்தரிசி எல்லாம் கலந்திருக்கும். ஒரே கிடாரத்தில் போட்டால் வெள்ளைப் பச்சையரிசி களியாகும் நேரத்தில் சிவப்பு நடுவில் முள்ளாய் நிற்கும். ஆகவே ஒரு வாளி புழுங்கல், ஒரு வாளி பச்சை. புழுங்கல் சோற்றுக்கு, பச்சை கஞ்சிக்கும் மாவுக்கும். வாளியில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, உள்ளே ஒரு பிடி மாதிரி போட்டு வையுங்கோ, பிள்ளைகள்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

வைக்கிற முறை: நிலத்தில் இருந்து அரை அடி உயரத்தில் பலகை, சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி, மூடி இறுக்கமான பீப்பா. காய்ந்த வேப்பிலையும் செத்தல் மிளகாயும் போடலாம், ஆனால் அரிசியில் ஈரம் இருந்தால் எதுவும் உதவாது. நாலு மாதத்துக்கு மேல் ஒரே அரிசியை வைத்திருக்கவேண்டாம், வண்டு பிடிக்கும். மாதாமாதம் பழையதைத் தனித்திருக்கிற முதியவர்களுக்குக் கொடுத்துப் புதியதை நிரப்புங்கோ. அடுத்த வருசத்துக்குத் தவக்காலத்தில் தொடங்கினால் மெத்தச் சரி. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் முடியும், தவக்காலமும் அதே நேரம், அரிசி விலையும் இறங்கியிருக்கும்.

100 பேருக்கு ஒரு நேரம்: அரிசி 11 கிலோ, பருப்பு 3 கிலோ, பூசணி 6 அல்லது 7 கிலோ. முதல் நேரத்துக்குச் சோறு வேண்டாம், கஞ்சி வையுங்கோ. பச்சையரிசி 5 கிலோ, தண்ணி 45 லீற்றர், உப்பு கால் கிலோ, 60 லீற்றர்க் கிடாரம் ஒன்று போதும். நனைந்து நடுங்கி வாறவர்களுக்கு அதைவிட ஒன்றும் வேண்டாம். தேங்காய்ப்பாலை அடுப்பில் விட்டுக் கொதிக்க வைக்காமல், பரிமாறுகிற நேரத்தில் அந்த அந்த வாளிக்கு விடுங்கோ. மொத்தக் கிடாரத்துக்கும் விட்டால் மிஞ்சினது மத்தியானத்துக்குள் புளிக்கும்.

பார்சல் ஏன் கெடுகிறது? ஆவி பறக்கிற சோற்றை லஞ்ச்சீற்றில் இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள் நூறை அடுக்கினால் நடுவில் இருக்கிறது மூன்று மணித்தியாலமானாலும் இளஞ்சூட்டில் கிடக்கும். கிருமிக்கு அதுதான் மெத்தை. சமைத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் வாய்க்குப் போகவேணும். தூர இடத்துக்கு என்றால் பார்சல் கட்டாமல் மூடின சட்டியில் சூட்டோடு கொண்டுபோய் அங்கே பரிமாறுங்கோ. பச்சைத் தேங்காய்ச் சம்பல் பார்சலில் வைக்கவே கூடாது. பருப்பு, பூசணி, சோயா, பொரித்த நெத்தலி, இது போதும்.

பாத்திரம் வாங்கத் தேவையில்லை. மரணாதாரச் சங்கத்திடம் (சாவீட்டுக்கு உதவுகிற ஊர்ச் சங்கம்) கிடாரம், கதிரை, கொட்டகைத் தறப்பாள், லைற் எல்லாம் இருக்கு. சாவி யாரிடம் என்று மட்டும் கேட்டு எழுதிவையுங்கோ. ஒரு எச்சரிக்கை: திருநாளில் பன்றி இறைச்சி சமைத்த கிடாரத்தைப் பொதுச் சமையலுக்கு எடுக்கவேண்டாம். முஸ்லிம் குடும்பம் அந்தச் சோற்றை எப்படித் தொடும்? மாட்டிறைச்சிச் சட்டி என்றால் சைவ ஆட்களுக்கு அதே சங்கடம். இரண்டு கிடாரத்துக்குக் காதில் பச்சைப் பெயின்ற் பூசி, மரக்கறி தவிர எதுவும் அதில் சமைப்பதில்லை என்று வருசம் முழுக்கக் காப்பாற்றுங்கோ. அடுப்படியில் மூன்று சமயத்துப் பெண்களும் நிற்கட்டும், பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டி வராது.

*

குளோரின் எழுதியது:

மண்டபக் கணக்கைப் பார்ப்போம். 60க்கு 30 என்றால் 1800 சதுர அடி, 167 சதுர மீற்றர். ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையிடம் வேணும் என்பது நிவாரண வேலையில் உலகளவில் எடுக்கிற அளவு. 47 பேர். இருநூறுபேர் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு இரவு இருந்து கழிக்க இருநூறுபேரும் இருக்கலாம், மூன்றாம் நாள் இருமலும் சொறியும் வயிற்றோட்டமும் தொடங்கும். ஆகவே பட்டியலிலேயே இரண்டாவது, மூன்றாவது இடங்களைக் குறியுங்கோ: பள்ளிக்கூடம், மாடி வீட்டு உறவினர்.

அதோடு தகரக் கூரை. வெள்ளத்துக்கு அந்த மண்டபம் சரி, புயலுக்குச் சரியில்லை. அகலமான தகரக் கூரையைக் காற்று உள்ளிருந்து தூக்கும். 1964 மார்கழிப் புயலும், 2020 டிசம்பர் 2 இரவு வந்த புரேவியும் இந்தக் கரையால்தான் நுழைந்தன. புயல் அறிவித்தல் என்றால் கொங்கிறீற் தட்டுப் போட்ட வகுப்பறைதான். நடுவில் காற்று சட்டென்று நின்றால் வெளியே போகவிடாதையுங்கோ, அது புயலின் கண், மறுபக்கக் காற்று பின்னால் வரும். சுனாமி என்றால் கரையோரக் கோயில் எதுவும் அடைக்கலம் இல்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதை மறக்கவேண்டாம். பூசை நடந்துகொண்டிருந்தாலும் இடையில் நிறுத்தி மேட்டுக்கு நடக்கவேணும் என்று பாதரின் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லுவியுங்கோ. அறிவித்தலை உறுதிப்படுத்த இடர் முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

மணி அடித்து அறிவிக்க நினைத்தால் துக்க மணியோடு குழம்பாத அடி வேணும். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிய அடித்துக் காட்டுங்கோ.

தண்ணி ஒரு ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர். 47 பேருக்கு 705 லீற்றர், ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒரு நாளுக்கு. வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) 15 கிராம் ஒரு ஆயிரம் லீற்றருக்கு. நேரே தாங்கிக்குள் கொட்டவேண்டாம், வாளியில் கரைத்து அடைய விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றி அரை மணித்தியாலம் பொறுக்கவேணும். கலங்கல் தண்ணியில் குளோரின் சேற்றோடு சண்டை பிடித்தே முடிந்துபோகும், முதலில் வடித்துத் தெளியவைக்கவேணும். தேற்றாங்கொட்டை வைத்திருக்கிற வீடு இன்னும் இருந்தால் அது நல்லாய் வேலை செய்யும். திறந்து கிடந்த தூள் வீரியம் இழந்திருக்கும், ஒவ்வொரு மாரிக்கும் புதிது வாங்குங்கோ.

வெள்ளம் மூடின கிணறு: விட்டம் இரண்டு மீற்றர், தண்ணி இரண்டு மீற்றர் என்றால் ஏறத்தாழ 6280 லீற்றர், அதுக்கு 380 கிராம் தூள். இரவு முழுக்க விட்டு, மணம் போகும்வரை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அளந்து பார்த்த பிறகுதான் குடிக்கிறது. கரையோரக் கிணறு என்றால் பம்பைப் போட்டுத் திரும்பத் திரும்ப வற்ற இறைக்காதையுங்கோ. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் பல கிணறு கெட்டது அப்படித்தான், மேலே மிதக்கிற நன்னீரை எடுத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு ஏறும்.

மலசலகூடம் நாலில் மூன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. போற வழியில் இரவு முழுக்க ஒரு லைற். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று தாங்கும், நாள் நீண்டால் 20 பேருக்கு ஒன்று வேணும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி 50 பக்கற், ஒன்று ஒரு லீற்றருக்கு, ஒரு நாளுக்கு மேல் வைத்த கரைசலை ஊற்றிவிடுங்கோ. இல்லாத நேரம் ஆறவைத்த கொதிநீர் ஒரு லீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

*

மெதடிஸ்த வாங்கு எழுதியது:

காசா அரிசியா என்ற கேள்விக்கு 2022 மறுமொழி சொல்லிப்போட்டுது. அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். போன வருசம் பெட்டியில் வைத்த காசு பாதிச் சாமானைத்தான் வாங்கும் என்று அர்த்தம். ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறினது, மீன்பிடிக் குடும்பத்துக்கு அது இன்னொரு புயல். ஆகவே உணவு அரிசியாகவே இருக்கட்டும். காசு, அரிசி செய்யமுடியாத வேலைக்கு மட்டும்: மருந்து, ஆட்டோக் கூலி, தறப்பாள், குளோரின்.

பவுலின் முறை எளிது. 1 கொரிந்தியர் 16:2, வாரத்தின் முதல் நாள் அவனவன் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைப்பது. ஆபத்து வந்த பிறகு உண்டியல் குலுக்குவது இல்லை. 2 கொரிந்தியர் 8:20, 21இல் காசைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகாமல் கூட ஆட்களை அனுப்புகிறார், யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று. நடைமுறையில்: பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு வீடு. எண்ணுவது அதே நாள், மூன்றுபேர். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அறிவித்தல் பலகையில் எழுதுங்கோ. யாருக்குப் போனது என்று எழுதவேண்டாம். உதவி வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறது பெரிய அநியாயம், அடுத்த தரம் அந்த வீடு பட்டினி கிடந்தாலும் வராது.

நிவாரணப் பெட்டியில் கடன் கொடுக்காதையுங்கோ. வலை வாங்கக் கடன் வேணும் என்றால் அதுக்கு வேறு கணக்கு. கலந்தால், கடன் எடுத்தவர் அதை நிவாரணம் என்பார், நிவாரணம் எடுத்தவர் கடன்காரனாய் வெட்கப்படுவார்.

கத்தோலிக்கக் கோயில், எங்கட ஆலயம், ஜெபவீடு என்று மூன்று பட்டியலிலும் ஒரே குடும்பம் இருக்கும். மூன்று பக்கத்துச் செயலாளர்களும் மழைக்கு முந்தி ஒரு மேசையில் இருந்து வீட்டு இலக்கத்தை ஒப்பிடுங்கோ. இரண்டு மணித்தியால வேலை, ஒரு வருசச் சண்டையை மிச்சம் பிடிக்கும்.

செபம்: சாப்பாட்டை அதோடு கட்டாதையுங்கோ. முதலில் சோறு, பிறகு மண்டபத்தின் ஒரு மூலையில் விரும்புகிறவர்களுக்குச் செபம். தொழுகைக்கும் ஒரு துப்புரவான இடமும் தண்ணியும் விடுங்கோ. என்ன செபிப்பது என்பதும் யோசிக்கவேண்டியது. வெற்றிப் பாட்டு எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுத் தொடங்குகிறது, 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஆறுதல் வரி இல்லை. அதையும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வீடு போனவரிடம் "ஆண்டவரின் சித்தம்" என்று சொல்ல யாருக்கும் அவசரம் வேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் பேசாமல் தரையில் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் பிழைவிட்டார்கள்.

*

கடலோரம் எழுதியது:

அண்ணாமார், அக்காமார், மெத்த நன்றி. பாதருக்கு ஒரு பக்கம் போதாது போல. 47 பேர் என்ற கணக்கு எல்லாரையும் உலுக்கும். ஒரே ஒரு கேள்வி, கிடாரம் அக்கா: இப்ப ஆவணி. பிடியரிசி இந்த ஞாயிறு தொடங்கினால் மழைக்கு முந்தி என்ன கிடைக்கும்? தவக்காலம் மட்டும் பொறுக்கிறதா?

*

கிடாரம் எழுதியது:

பொறுக்கவேண்டாம். 12 கிழமை இருக்கு, கிழமைக்கு 22 கிலோப்படி 264 கிலோ. நூறு பேருக்கு 11 கிலோ என்றால் 24 கிடாரம், 2400 சாப்பாடு. மண்டபத்து 47 பேருக்கு மூன்று நேரப்படி 17 நாள். முந்நூறுபேர் சாப்பிட வந்தால் இரண்டரை நாளுக்குக் கொஞ்சம் கூட. அந்த இரண்டரை நாள்தான் உங்களுக்கு வேணும், அதுக்குள் பிரதேச செயலகமும் வெளியூர் உதவியும் வந்து சேரும். வந்து குவிகிற நேரத்தில் உங்கட அரிசியை மூடி வைத்துவிட்டு வந்ததைச் சமையுங்கோ, எட்டாம் நாளுக்கு உங்களுடையது இருக்கும்.

முதல் ஞாயிறு வாளியைக் கையால் கிளறிப் பாருங்கோ. சிவப்பும் வெள்ளையும் கலந்துதான் இருக்கும். இரண்டாம் ஞாயிறும் அப்படியே என்றால் வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கோ.